பெட்டியடியில் உட்கார்ந்திருப்பது யார்?

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. ஒரு பக்கம் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றிப் பூப்போட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் பரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடும் வேலை நடக்கிறது. இன்னொரு பக்கம் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதில் பில் போடும் கம்ப்யூட்டர். ஒரு மார்ச் மாதக் கடைசியில் அந்த அறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. "அண்ணே, ஃபைல் எல்லாம் இருக்கு. ஆனா ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. பில், ஸ்டாக், சம்பளப் பட்டியல், ஓனர் மகளின் கல்யாண போட்டோ வரைக்கும் அதே வால். ஃபோல்டருக்கு ஒரு கடிதம் வேறு: 980 டாலர் அனுப்பினால் திறந்து தருகிறோம், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி தோற்றது போங்கள். முந்தின நாள் சாயங்காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கணக்கு மென்பொருளின் புது வெர்ஷனை ஒரு பையன் வந்து 500 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தானாம். "போடும்போது ஆன்டிவைரஸை மட்டும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணச் சொன்னான், அவ்ளோதான்."

அந்த "அவ்ளோதான்" என்னவென்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கிராக் போட்ட, அதாவது லைசென்ஸ் இல்லாமலே ஓடும்படி உடைத்த, மென்பொருள் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊரில் இரண்டே கட்சிதான். "ரெய்டு வந்துடும்" என்று பயப்படுகிறவர்கள் ஒரு கட்சி. "நம்ம கடைக்கு எவன் வரப்போறான், பத்து வருஷமா ஓடுது" என்பவர்கள் இன்னொரு கட்சி. இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபத்து ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மென்பொருளை நாம் விலைக்கு வாங்குவதில்லை

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காசு கொடுத்தால் மென்பொருள் நம்முடையது ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. நமக்குக் கிடைப்பது அதைப் பயன்படுத்தும் உரிமை. அதற்குத்தான் லைசென்ஸ் என்று பெயர்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஐயா காலத்தில் கட்டிய பெரிய வீட்டில் ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை இருக்கும். கல்யாணம் காட்சிக்கு வந்து தங்கலாம், பொருளை வைத்துப் பூட்டலாம். ஆனால் தன் அறையை மட்டும் தனியாக வெளியாளுக்கு விற்றுவிட முடியாது. பயன்படுத்தும் உரிமை வேறு, சொந்தம் வேறு.

ஒரு கம்ப்யூட்டருக்கு வாங்கிய லைசென்ஸை நான்கு கம்ப்யூட்டரில் போடுவது ஏன் தப்பு என்பதற்கும் ஊர்க் கணக்கே பதில் சொல்லும். நகரத்தார் கோயில்களில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. வீட்டில் நான்கு மகன்களுக்குக் கல்யாணம் ஆனால் நான்கு புள்ளி, நான்கு புள்ளிக்கும் வரி. "ஒரே வீடுதானே, ஒரு புள்ளியாக எழுதிக்கொள்ளுங்கள்" என்று யாரும் கேட்க மாட்டார்கள். மென்பொருளிலும் எத்தனை பேர் அல்லது எத்தனை கம்ப்யூட்டர் என்று ஒரு புள்ளிக் கணக்கு உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் 300, 400 ரூபாய்க்கு ஒரு சாவி எண் வாங்கிவிட்டு, "நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்" என்பவர்கள் நிறையப் பேர். பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த சாவியைச் சில்லறையாக விற்பது இதில் சகஜம். விஷயம் தெரிந்ததும் கம்பெனி அந்தச் சாவியை முடக்கிவிடும். காசும் போச்சு, லைசென்ஸும் இல்லை.

சுருக்கமாக: லைசென்ஸ் என்பது இத்தனை பேர் இப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. அது இல்லாமல் ஓட்டினால், காசே கொடுத்திருந்தாலும், அது திருட்டுப் பிரதிதான்.

கிராக் என்ன செய்கிறது?

காசுக்கு விற்கும் பெரும்பாலான மென்பொருளில் வாசல்காவலர் மாதிரி ஒரு சின்னப் பகுதி இருக்கும். திறக்கும்போதெல்லாம் "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்கும். இல்லையென்றால் உள்ளே விடாது. அந்தக் காவலரை வாயடைக்கிற வேலைக்குத்தான் கிராக் என்று பெயர். சில கிராக் மென்பொருளின் உள்ளேயே கை வைத்து, யார் கேட்டாலும் "இருக்கிறது" என்று சொல்லும்படி மாற்றிவிடும். சில கிராக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி லைசென்ஸ் அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தானே சான்றிதழ் கொடுக்கும்.

இதைச் செய்ய அதற்கு இரண்டு விஷயம் தேவை. ஒன்று, நிர்வாகி உரிமை. கம்ப்யூட்டரில் எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம் என்ற முழு அதிகாரம் அது, வீட்டின் கொத்துச் சாவி மாதிரி. இரண்டாவது, ஆன்டிவைரஸ் குறுக்கே வரக்கூடாது. ஆகவே கொத்துச் சாவியைக் கையில் கொடுத்து, நாயையும் கட்டிப்போட்டுவிட்டு, முகம் தெரியாத ஒருவரை உள்ளே அனுப்புகிறோம். அவர் வாசல்காவலரை மட்டும் வாயடைத்துவிட்டு வெளியே போய்விடுவார் என்று நம்புகிறோம்.

பழைய வட்டிக்கடைகளில், பர்மாவிலும் மலேயாவிலும், முதலாளிக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது. பெட்டியடிப் பையன் கடைசிப் படிதான். ஆனாலும் அவன் உட்காருவது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில். அதனால் எந்த ஊர், யார் மகன் என்று விசாரிக்காமல் யாரையும் அந்த இடத்தில் உட்கார வைக்கமாட்டார்கள். இன்றைக்கு நம் கணக்கு, பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கிராக்கை ஓட்டுவது, ஊர்பேர் தெரியாத ஒருவனைப் பெட்டியடியில் உட்கார வைப்பது.

எல்லா கிராக்கிலும் கெட்டது இருக்கிறதா? இல்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நானும் ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க கிராக் போட்ட மென்பொருளை வைத்திருந்தவன்தான், ஒன்றும் ஆகவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல கிராக், கெட்ட கிராக் இரண்டையும் ஆன்டிவைரஸ் ஒரே குரலில்தான் எச்சரிக்கும். "கிராக்னாலே அது அப்படித்தான் கத்தும்" என்று நாமும் பழகிவிடுகிறோம். உண்மையான திருடன் வரும்போதும் அதே குரைப்பு, நாமும் அதே மாதிரி கட்டிப்போடுகிறோம்.

முறையான மென்பொருளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: டிஜிட்டல் கையொப்பம். கடிதத்தின் மேல் வைத்த அரக்கு முத்திரை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை உடைந்துவிடும், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று விண்டோஸ் கண்டுபிடித்துவிடும். மென்பொருளுக்குள் கை வைக்கும் கிராக் செய்வதே உள்ளே எழுத்தை மாற்றுவதுதான். முத்திரை உடைந்த பிறகு, லைசென்ஸ் பகுதியை மட்டும்தான் மாற்றினார்களா, கூட எதையாவது சேர்த்தார்களா என்று சாதாரண ஆளுக்குச் சொல்ல வழியே இல்லை.

"அவன் ஏன் மெனக்கெட்டு இலவசமா குடுக்கணும்?" என்று பள்ளத்தூரில் ஓர் ஆச்சி கேட்டார். சீப்புச் சீடை, மனகோலம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர். நான் கேள்விப்பட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். இன்று இதில் ஒரு வியாபாரமே நடக்கிறது. தன் நச்சு நிரலை எத்தனை கம்ப்யூட்டரில் ஏற்றினாய் என்று எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று கொடுக்க ஆள் இருக்கிறது. கிராக் அதற்கான தூண்டில் புழு. மீனிடம் புழுவுக்குக் காசு கேட்பார்களா?

உள்ளே வந்தவன் என்ன செய்வான்?

ஆத்தங்குடியில் வந்தது ரேன்சம்வேர். கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்கும் நிரல். பெரும்பாலானவர்கள் நினைப்பது போல அது எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. உங்கள் பெட்டகம் உங்கள் வீட்டிலேயே இருக்கும், அதன் மேல் அவன் பூட்டு தொங்கும்.

பூட்டு எப்படிப்பட்டது? அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டைப் பார்த்திருப்பீர்கள். பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், திறக்கத்தான் வேண்டும். அதே ஏற்பாடுதான் இங்கேயும். பூட்டும் பகுதி மட்டும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும், திறக்கும் சாவி அவனிடமே இருந்துவிடும். அதனால்தான் எவ்வளவு கெட்டிக்கார சர்வீஸ்காரர் வந்து கம்ப்யூட்டரைக் குடைந்தாலும் சாவி கிடைப்பதில்லை. அது அங்கே இருந்ததே இல்லை. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லிலிருந்து ஆளைக் கூட்டிவந்தாலும் இதைத் திறக்க முடியாது.

பட்டறையில் வந்த வகையின் குடும்பப் பெயர் ஸ்டாப் டிஜேவு. கிராக் வழியாகப் பரவுவதற்கே பேர் போனது. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகோல் வெளியிட்டது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 148 வகைகளுக்குப் பிறகு வந்தவை பூட்டு முறையை மாற்றிக்கொண்டுவிட்டன. எங்களுடையது அப்படி ஒரு புது வகை. பணம் கட்டலாமா என்று ஓனர் கேட்டார். கட்டினால் சாவி வரும் என்பதற்குத் திருடன் வாக்கைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. கட்ட வேண்டாம் என்றேன்.

ரேன்சம்வேராவது கதவைத் தட்டிச் சொல்கிறது. எனக்கு அதைவிடப் பயம் சத்தம் போடாத வகையிடம்தான். பெயர் இன்ஃபோஸ்டீலர், தகவல் திருடி. பிரவுசரில் நாம் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு போகும். கூடவே குக்கீகளையும். குக்கீ என்றால் என்ன? ஒருமுறை மெயிலுக்குள் நுழைந்துவிட்டால் மறுநாள் மறுபடி பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா? உங்களை அடையாளம் தெரிந்துகொள்ள அந்தத் தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் டோக்கன்தான் குக்கீ. கல்யாண வீட்டுப் பந்தியில் டோக்கன் காட்டினால் உட்கார விடுவார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. டோக்கன் திருடு போனால் வேறொருவன் உங்கள் இலையில் உட்காருவான்.

"எனக்கு ஓடிபி வரும், அப்புறம் என்ன?" என்கிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஓடிபி நுழையும்போது கேட்பது. டோக்கன் வைத்திருப்பவன் ஏற்கெனவே உள்ளே இருப்பவன், அவனிடம் யாரும் கேட்கப்போவதில்லை. பேங்க் தளங்கள் சில நிமிடங்களில் டோக்கனை ரத்து செய்துவிடும். மெயில் அப்படியில்லை, பல நாள் திறந்தே கிடக்கும். மெயில் கையில் கிடைத்தால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றலாம். உங்கள் பெயரில் வாடிக்கையாளருக்கு "எங்கள் பேங்க் கணக்கு எண் மாறிவிட்டது" என்று கடிதம் எழுதலாம். பணம் வராதபோதுதான் உங்களுக்கே தெரியும்.

பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எது எது போயிருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதாக ஒரு வகை உண்டு. உங்கள் கரண்டில் அவனுக்கு கிரிப்டோ நாணயம் தோண்டிக் கொடுப்பது. கம்ப்யூட்டர் மெதுவாகும், விசிறி இரையும், கரண்ட் பில் ஏறும். மூன்றில் இதுதான் சாது.

சுருக்கமாக: கிராக்கோடு வருபவன் பூட்டுவான், திருடுவான், அல்லது ஓசியில் கரண்ட் குடிப்பான். முதலாவது மட்டும்தான் தன் வரவைச் சொல்லும்.

அடைக்காத ஓட்டை

கெட்டது எதுவும் ஒட்டிக்கொண்டு வராத "சுத்தமான" கிராக் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அப்டேட். மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைக் கம்பெனி அவ்வப்போது அடைத்து அனுப்புவதுதான் அது. அப்டேட் வந்தால் கிராக் உடைந்துவிடும் என்பதால், போட்டுக் கொடுப்பவர்கள் முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்றாத கூரை மாதிரி, வெயிலில் ஒன்றும் தெரியாது.

மழை பெய்த நாள் 2017 மே 12. வானாகிரை என்ற ரேன்சம்வேர் ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. நடுவில் 59 நாள். அந்த 59 நாளில் அப்டேட் போட்டவர்களுக்கு அன்று இன்னொரு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். லைசென்ஸ் இருந்தும் சோம்பலால் போடாதவர்களும் மாட்டினார்கள். கிராக் வைத்திருப்பவரோ, போட நினைத்தாலும் பயந்துகொண்டு போடாதவர்.

கணக்கு மென்பொருளில் இது இன்னும் நேரடியாக உறைக்கும். ஜிஎஸ்டி ரிட்டன் படிவத்தில் மாற்றம் வந்தால் அது அப்டேட்டில்தான் வரும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எத்தனை மாற்றம் என்று கணக்கு எழுதுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், அழுதுவிடுவார்கள்.

"நெட்டே இல்லாத கம்ப்யூட்டர்லதான் வெச்சிருக்கேன்" என்று ஒரு கண்டாங்கிச் சேலைக் கடைக்காரர் சமாதானம் சொன்னார். நல்லதுதான். ஆனால் ரிட்டன் போட அதிலிருந்து பென்டிரைவில் எடுத்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகிறார். வைரஸும் அதே பென்டிரைவில் சவாரி செய்யும். ரேன்சம்வேர் பூட்டுவதற்கு நெட் வேண்டும் என்பதும் இல்லை, சில வகைகள் பூட்டைக் கையோடு கொண்டுவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கம்ப்யூட்டர் நிரலுக்குப் பாதுகாப்பு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்கு 7 நாளிலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கடையில் பில் போடுகிறவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. போட்டுக் கொடுத்தவருக்கு மட்டும்தான் தண்டனை என்று ஊரில் பரவலாக ஓர் எண்ணம் இருக்கிறது. 63பி பேசுவதே பயன்படுத்துகிறவரைப் பற்றித்தான்.

நடைமுறையில் சின்னக் கடைக்கு போலீஸ் வருவது அபூர்வம், அதை மறுக்கவில்லை. ஆனால் வரைபடம், வடிவமைப்பு மென்பொருள்கள் பல, கிராக் போட்ட பிரதி எந்த இணைய முகவரியிலிருந்து ஓடுகிறது என்று கம்பெனிக்கே தகவல் சொல்லிவிடும். பிறகு வக்கீல் கடிதம் வரும். பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றும் வேலைக்கு வரைபடம் போடுகிற அலுவலகங்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் அவர்களின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் இருந்தாக வேண்டும். யார், எப்போது, எந்தப் பதிவைத் திருத்தினார் என்று அழிக்க முடியாமல் பதிந்து வைக்கும் ஏற்பாடு அது. அது இருந்ததா, வருஷம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். முத்திரை உடைந்த மென்பொருளைக் காட்டி இதற்குக் கையெழுத்து கேட்டால் எந்த ஆடிட்டரும் யோசிப்பார்.

சரி, இப்போது என்ன செய்வது?

எல்லாவற்றுக்கும் காசு கொட்ட வேண்டியதில்லை. கடிதம் எழுத, பட்டியல் போட லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. அது கட்டற்ற மென்பொருள். யாரும் பயன்படுத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று எழுதியவர்களே அனுமதித்தது. திருட்டு இலவசத்துக்கும் இதற்கும் நிறைய தூரம். படத்துக்கு கிம்ப், பத்திரிகை வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப். ஆண்டு விற்றுவரவு 1.5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு வியாபாரிகளுக்கு இலவச பில்லிங் மென்பொருள் கொடுக்க ஜிஎஸ்டி நெட்வொர்க்கே 2019இல் ஏற்பாடு செய்தது. பள்ளத்தூர் ஆச்சி போன்றவர்களுக்கு அந்த மாதிரி ஒன்றே தாராளம். அதற்கு மேல் போனால் கணக்கு மென்பொருளுக்கு மட்டும் லைசென்ஸ் வாங்குங்கள், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.

கிராக் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை நீக்கினால் மட்டும் போதாது, கூட வந்தவன் அங்கேயே இருப்பான். தரவை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, ஃபார்மட் செய்து, அசல் விண்டோஸ் போடுங்கள். பிறகு, வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மெயில், பேங்க், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயிலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அமுக்கினால் பழைய டோக்கன் எல்லாம் செல்லாமல் போகும். பணம் போய்விட்டது என்றால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள், நேரம்தான் முக்கியம்.

அப்புறம் பேக்கப். கடை ரங்கூனில் இருந்தாலும் கணக்கு அவ்வப்போது ஊருக்கு, முதலாளி கைக்கு வந்துகொண்டிருந்த வழக்கம் நம்முடையது. அதையே செய்யுங்கள்: ஒரு நகல் கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு இடத்தில். ஹார்ட் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். ஆத்தங்குடியில் பேக்கப் இருந்தது. செருகியபடி.

அந்தக் கணக்கை மறுபடி கட்ட எங்களுக்கு 11 நாள் ஆனது. கம்பெனிகளுக்குப் போட்ட பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியவரை கிடைத்தன. சில்லறை விற்பனைக்கு லாரிச் சீட்டுகள். ஸ்டாக்கை எப்படி எடுப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, தொட்டியில் எந்தத் தேதியில் எத்தனை கல் ஊறப்போட்டோம் என்று வேலையாட்கள் பட்டறைச் சுவரில் கரியால் கிறுக்கி வைத்திருந்ததைக் காட்டினார்கள். அதை வரிசையாகப் போட்டோ எடுத்து உட்கார்ந்து எண்ணினோம்.

லைசென்ஸ் வாங்கி, அதன் பில்லைச் செலவில் ஏற்றியபோது ஓனர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, அந்தப் பையனுக்குக் குடுத்த 500 ரூபாய எந்தக் கணக்குல எழுதுறது?" பில் இல்லை. சொந்தச் செலவில் எழுதச் சொன்னேன்.